பாங்காக்கில் தனியாகத் தங்க எந்தப் பகுதி நல்லது?

கேள்வி இது: "முதல் தடவையாகத் தனியாக வெளிநாடு போகிறேன். பாங்காக், ஐந்து இரவு. பெண், சைவம். காவ் சான், சுகும்வித், பிரதுனாம் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எங்கே அறை எடுப்பது?"

மூன்றும் வேண்டாம். சிலோம் பக்கம் எடுங்கள். சாலா டேங் நிலையத்திலிருந்து சுரசாக் நிலையம் வரைக்கும் நீளும் பட்டையில், ஏதாவது ஒரு நிலையத்திலிருந்து ஏழெட்டு நிமிடம் நடந்தால் வந்துவிடும் அறையாகப் பாருங்கள். அவசரமாகப் பதில் தேடி வந்தவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் போகும் தேதியில் அங்கே அறை கிடைக்காமல் போகலாம், விலை இரட்டிப்பாக இருக்கலாம். அப்போது வேறு எங்கே தேடுவது என்று முடிவெடுக்க, சிலோமை ஏன் சொல்கிறேன் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பாங்காக்கில் "ஊருக்கு நடுவில்" என்று ஓர் இடமே கிடையாது. அரண்மனை, வாட் போ, வாட் அருண் கோவில்கள் எல்லாம் ஆற்றோரம். பெரிய மால்கள் சியாமில். அலுவலகங்கள் சிலோமிலும் அசோக்கிலும். இரவுக் கேளிக்கை சுகும்வித்தில். சென்னையில் மயிலாப்பூர், தி.நகர், சென்ட்ரல் மூன்றில் எது நடு என்று கேட்டால் என்ன சொல்வோம், அதே கதைதான். எங்கே தங்கினாலும் நாள்தோறும் பயணம் உண்டு. மாலை ஐந்து மணிக்கு மேல் அந்த ஊர் நெரிசலில் கார் ஏறினால் மூன்று கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆவது சாதாரணம். அதனால் "எந்தச் சுற்றுலா இடத்துக்குப் பக்கம்" என்று பார்ப்பதில் பெரிய லாபமில்லை. எந்த ரயில் நிலையம், அங்கிருந்து எத்தனை நிமிட நடை, அந்த நடைபாதை இரவு பத்து மணிக்கு எப்படி இருக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தனியாகப் போகிறவருக்கு இது இன்னும் முக்கியம். நாலு பேராகப் போனால் கிராப் செயலியில் அழைக்கும் கார் கட்டணத்தை நாலாகப் பிரித்துக்கொள்வீர்கள். ஒரு நீளமான இருட்டுச் சந்தில் பேசிக்கொண்டே நடந்துவிடுவீர்கள். தனியாளுக்கு இரண்டும் இல்லை. கட்டணம் முழுக்க உங்கள் தலையில், அந்தச் சந்தும் உங்களுக்கு மட்டும். பாங்காக் பொதுவாகப் பெண்கள் தனியாக நடமாடத் தோதான ஊர், நம் ஊர்ப் பல நகரங்களைவிட நிம்மதி என்றே சொல்வேன். ஆனாலும் களைத்துப்போய்த் திரும்பும் நேரத்தில் கடைசி அரைக் கிலோமீட்டர்தான் ஆளைப் படுத்தும்.

ரயில் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். தலைக்கு மேலே ஓடுவது பி.டி.எஸ்., 1999 முதல் இருக்கிறது. தரைக்கடியில் ஓடுவது எம்.ஆர்.டி., 2004-இல் வந்தது. இரண்டும் வேறு வேறு நிர்வாகம், டிக்கெட்டும் தனித்தனி. எம்.ஆர்.டி.யில் உங்கள் விசா, மாஸ்டர்கார்டு கார்டையே நுழைவாயிலில் தொட்டுவிட்டுப் போகலாம், வெளிநாட்டில் பயன்படுத்தும் வசதியை வங்கிச் செயலியில் திறந்துவைத்திருந்தால் போதும். பி.டி.எஸ்.ஸுக்கு ராபிட் கார்டு என்று ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டைக் காட்டி நிலையத்திலேயே வாங்கிவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தின் முன் வரிசையில் நிற்க வேண்டாம். இரண்டிலும் கட்டணம் 17 பாட் (தாய்லாந்துப் பணம்) முதல் தொடங்கும். காலை ஆறு மணி வாக்கில் ஆரம்பித்து நள்ளிரவு வரை ஓடும்.

இதில் பழைய ஆலோசனைகளை எல்லாம் மாற்றிப்போட்ட விஷயம் ஒன்று உண்டு. 2019-இல் எம்.ஆர்.டி. நீலப் பாதையை ஹுவாலாம்போங் நிலையத்துக்கு அப்பால் நீட்டி, சைனா டவுன் வழியாகப் பழைய நகரத்துக்குள் கொண்டுபோய், ஆற்றுக்கு அடியில் அக்கரைக்கும் விட்டார்கள். வாட் மங்கோன், சாம் யோட், சனாம் சாய் என்று நிலையங்கள். சனாம் சாயில் இறங்கி வெளியே வந்தால் வாட் போ நடக்கும் தூரம்தான். அந்த நிலையத்தின் உள்ளேயே தூணும் கூரையும் அரசவை மண்டபம் மாதிரி சிவப்பும் தங்கமுமாகக் கட்டிவைத்திருக்கிறார்கள், இறங்கியதும் ஓடிவிடாமல் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். "அரண்மனை பார்க்கணும்னா காவ் சான்லதான் தங்கணும்" என்று உங்களுக்குச் சொன்னவர் பெரும்பாலும் இந்தப் பாதை வருவதற்கு முன் போய்வந்தவராக இருப்பார். அவர் காலத்தில் அது சரி.

இப்போது சிலோம். எம்.ஆர்.டி.யின் சிலோம் நிலையமும் பி.டி.எஸ்.ஸின் சாலா டேங் நிலையமும் மேல்நடைபாதையால் இணைந்திருக்கின்றன. எம்.ஆர்.டி.யில் ஏறினால் வண்டி மாறாமல் சைனா டவுன், சாம் யோட், சனாம் சாய். எதிர்த்திசையில் ஏறினால் வார இறுதியில் சதுசாக் சந்தைக்குள்ளேயே கொண்டுபோய் விடும் காம்பேங் பெட் நிலையம். பி.டி.எஸ்.ஸில் ஏறினால் இரண்டாவது நிலையம் சியாம். எதிர்ப்பக்கம் போனால் சாபான் தக்சின், அதற்குக் கீழேயே சாதோர்ன் படகுத்துறை. அங்கிருந்து ஆரஞ்சுக் கொடிப் படகில் ஏறி வாட் அருண், தா தியன், காவ் சான் பக்கத்து பிரா ஆதித் துறை என்று ஆற்றோடு போகலாம். கரையில் "டூரிஸ்ட் போட்" என்று நீலக் கொடியோடு கூப்பிடுவார்கள். அது சொகுசு, விலை அதிகம். நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது ஆரஞ்சு. இப்படி மேலே ரயில், கீழே ரயில், ஆறு மூன்றும் நடை தூரத்தில் சேர்ந்து கிடைக்கும் பகுதி பாங்காக்கில் வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் சாப்பாடு. சிலோம் சாலையும் பான் சாலையும் சேரும் முனையில் மகா மாரியம்மன் கோவில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. கோபுரத்தைப் பார்த்தால் நம்ம ஊர்தான், வாசலில் மாலை கட்டி விற்கும் கடைகளும் அப்படியே. ஆனால் உள்ளே கும்பிட்டுக்கொண்டிருப்பவர்களில் தாய்லாந்துக்காரர்களும் சீனர்களும்தான் அதிகம். டாக்ஸிக்காரரிடம் மாரியம்மன் என்றால் புரியாது, "வாட் கேக்" என்று சொல்ல வேண்டும். இந்தக் கோவிலைச் சுற்றி இட்லி, தோசை, சாப்பாடு கிடைக்கும் இந்தியக் கடைகள் உண்டு. ஐந்து நாளும் அங்கேயே சாப்பிடச் சொல்லவில்லை. ஆனால் மீன் சாஸ் வாடையில் மனசு வெறுத்துப்போகும் ஒரு மாலை வரும், அன்றைக்கு ரசம் சோறு நடந்துபோகும் தூரத்தில் இருப்பது பெரிய ஆறுதல். மற்றபடி, மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்துப் போட்ட சின்னக் கொடியோ பலகையோ தொங்கும் கடை கண்ணில் பட்டால் தைரியமாக நுழையலாம். "ஜே" உணவு என்பார்கள். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. வெறுமனே "வெஜிடேரியன்" என்று சொன்னால் மேலே கிடக்கும் இறைச்சியை எடுத்துவிட்டு மீன் சாஸோடு கொண்டுவந்து வைப்பார்கள். அவர்கள் கணக்கில் அது சைவம்தான், கோபித்துக்கொள்ள முடியாது.

சிலோமில் குறையே இல்லையா என்றால், உண்டு. அது அலுவலகப் பகுதி. திங்கள் முதல் வெள்ளி வரை மதியம் நடைபாதை முழுக்கக் கடைகள், கழுத்தில் அடையாள அட்டை தொங்க வரிசையில் நிற்கும் கூட்டம். சனி ஞாயிறு வந்தால் பாதிக் கடை மூடிவிடும். சுரசாக் பக்கம் எடுத்தால் வார இறுதி இரவில் சாலை கொஞ்சம் வெறிச்சென்று இருக்கும். சாலா டேங் பக்கம் எடுத்தால் பாத்போங் இருக்கிறது. இரவுச் சந்தை, அதை ஒட்டி ஆட்டக்காரிகள் பார்கள், ஒரு அட்டையை நீட்டிக்கொண்டு கூப்பிடும் ஆட்கள். பெண்ணாகத் தனியாகப் போகிறவரை அவர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் அந்த இரண்டு மூன்று சந்துகளுக்கு உள்ளேயே அறை எடுத்துவிடாதீர்கள், பின்னிரவு வரை சத்தம் ஓயாது. சாங் நோன்சி, செயின்ட் லூயிஸ் நிலையங்களை ஒட்டிய பகுதி இரண்டுக்கும் நடுவில் வசதியானது. காலையில் சீக்கிரம் எழுகிறவர் என்றால் லும்பினி பூங்காவைப் பார்த்து அறையைத் தேர்ந்தெடுங்கள். விடிகாலையில் வயதானவர்கள் கூட்டமாக உடற்பயிற்சி செய்வார்கள், ஏரிக்கரையில் ஆள் நீளத்துக்கு உடும்புகள் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அவை எதுவும் செய்யாது, நாமும் எதுவும் செய்யாதிருந்தால்.

சரி, உங்களுக்குச் சொன்ன மூன்று இடங்களை ஏன் வேண்டாம் என்கிறேன்?

பிரதுனாம் பெயரை உங்கள் காதில் போட்டது பெரும்பாலும் ஒரு டிராவல் ஏஜென்டாக இருக்கும், அல்லது குழுவாகப் போய்வந்த உறவினர். இந்தியப் பயணிகளை மொத்தமாகக் கொண்டுபோய் இறக்கும் இடம் அது. பிளாட்டினம் மாலும் சுற்றியிருக்கும் துணிச் சந்தைகளும் மொத்த விலைக்குப் பெயர்போனவை, குருவியாகப் போய்வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. இந்தியச் சாப்பாட்டுக்கும் குறைவில்லை. ஆனால் நடைபாதை முழுக்கக் கடை, மூட்டை, தள்ளுவண்டி. சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு நூறு மீட்டர் போவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அந்தச் சந்திப்பு நெரிசலுக்கும் பேர்போனது. பி.டி.எஸ். நிலையம் எதுவும் ஒட்டினாற்போல் இல்லை. ராச்சப்ராரோப் என்ற விமான நிலைய ரயில் நிறுத்தம் மட்டும் பக்கம். துணி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் பகலில் ஒரு நாள் போய்விட்டு வாருங்கள்.

காவ் சானுக்கு நான் விரோதி இல்லை. தனியாகப் போய், அங்கே நாலு பேரோடு பழகி, இரவு வெகுநேரம் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பவர்களுக்கு அது இன்னும் நல்ல இடம்தான். சைவ உணவும் எளிதாகக் கிடைக்கும், உலகம் முழுவதிலிருந்தும் முதுகுப் பையோடு வருகிறவர்களுக்குச் சமைத்துப் பழகிய தெரு அது. பிரச்சினை ரயில். பக்கத்தில் எந்த நிலையமும் கிடையாது, சாம் யோட்டிலிருந்தோ சனாம் சாயிலிருந்தோ வெயிலில் நடக்கிற தூரமில்லை. படகு உண்டு, ஆனால் மாலையோடு நின்றுவிடும். சியாமிலிருந்து இரவு ஒன்பது மணிக்குத் திரும்ப வேண்டுமானால் டாக்ஸிதான், தனியாள் கட்டணம்தான். அப்படியும் அங்கேதான் என்றால் காவ் சான் தெருவுக்குள் எடுக்காதீர்கள், நள்ளிரவு தாண்டியும் இரண்டு பக்கத்து ஸ்பீக்கர்களும் போட்டி போடும். ராம்புத்ரி சந்து கொஞ்சம் தேவலை. பாங்லாம்பு கால்வாயைத் தாண்டி சாம்சென் பக்கம் போய்விட்டால் அமைதியான வீட்டுத் தெருக்கள், காலையில் பிக்குகள் பிச்சைக்கு வரும் தெருக்கள்.

சுகும்வித்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "சுகும்வித்தில் அறை" என்று சொல்வது கிட்டத்தட்ட எதையுமே சொல்லாததற்குச் சமம். நகரத்தையே தாண்டிப் போகிற சாலை அது. அதிலிருந்து இரண்டு பக்கமும் "சோய்" எனப்படும் கிளைத்தெருக்கள் பிரிகின்றன. ஒரு பக்கம் முழுக்க ஒற்றைப்படை எண், எதிர்ப்பக்கம் இரட்டைப்படை. எண்கள் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை, சோய் 21-க்கு எதிரே 22 இருக்கும் என்று நினைத்துக் கிளம்பாதீர்கள். சோய் 3, 4 இருக்கும் நானா, சோய் 21-ஐ ஒட்டிய சோய் கவ்பாய் இரண்டும் சிவப்பு விளக்குப் பகுதிகள். ஆபத்து என்று சொல்ல மாட்டேன், ஆனால் தினமும் இரவு அதன் வழியாக அறைக்குத் திரும்புவது எரிச்சல். இதைப் படிக்கும் ஆண்களுக்கும் இதே ஆலோசனைதான். தனியாக நடக்கும் இந்திய ஆணை அங்கே பத்தடிக்கு ஒருவர் வழிமறிப்பார், இரண்டாம் நாளே வெறுத்துவிடும். அசோக் நிலையம் மட்டும் பி.டி.எஸ்., எம்.ஆர்.டி. இரண்டும் சந்திக்கும் இடம் என்பதால் போக்குவரத்துக்கு முதல்தரம். ஃப்ரோம் போங் தாண்டினால் ஜப்பானியக் குடும்பங்கள் வாழும் பகுதி, நல்ல பூங்கா, நல்ல மால், நல்ல விலையும்கூட. ஓன் நுட் வரை போய்விட்டால் அறை வாடகை சட்டென்று இறங்கும், தெருவில் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் விலையில் சாப்பாடு கிடைக்கும். ஆனால் எங்கே போவதானாலும் ரயிலில் கூடுதலாக இருபது நிமிடம். இரண்டாவது பயணத்துக்கு ஓன் நுட் அருமை, முதல் பயணத்துக்குச் சொல்ல மாட்டேன்.

சோய் என்றேன் இல்லையா, பாங்காக்கில் அறை தேடும்போது ஏமாறுகிற இடமே அதுதான். சில சோய்கள் ஐம்பது மீட்டரில் முடிந்துவிடும். சில கிலோமீட்டர் கணக்கில் உள்ளே போகும். "பி.டி.எஸ்.ஸிலிருந்து 5 நிமிடம்" என்று ஹோட்டல் போட்டிருக்கும். அது அவர்கள் டுக்டுக் வண்டியில் ஐந்து நிமிடம் என்பது வந்த பிறகுதான் தெரியும். சோய் முனையில் ஆரஞ்சு மேலாடை போட்ட மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், எந்த இடத்துக்கு எத்தனை பாட் என்று பலகையும் இருக்கும். உள்ளூர்க்காரர்கள் புடவை கட்டியவர்கள் மாதிரிப் பக்கவாட்டில் உட்கார்ந்து சாதாரணமாகப் போவார்கள். உங்களுக்கு அது சரிப்படும் என்றால் கொஞ்சம் உள்ளே தள்ளி, கொஞ்சம் குறைந்த விலையில் எடுக்கலாம். இல்லையென்றால் வரைபடத்தில் நிலையத்தின் பெயரிலிருந்து அளக்காதீர்கள். வெளிவாசலுக்கு எண் இருக்கும், அந்த எண்ணிலிருந்து நடைபாதையாக அளந்து பாருங்கள். பெரிய சாலையைக் கடக்க மேம்பாலம் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து ஐந்து நிமிடம் பன்னிரண்டாகும். ஏப்ரல் வெயிலில் பன்னிரண்டு நிமிடம் என்பது குளித்துவிட்டுக் கிளம்பியது வீண் என்று அர்த்தம். கூகுள் வரைபடத்தின் தெருக்காட்சியில் அந்தச் சோயை ஒருமுறை நடந்தும் பார்த்துவிடுங்கள். கடை, செவன் இலெவன், ஆள் நடமாட்டம் தெரிந்தால் சரி. இரண்டு பக்கமும் மதில் சுவராகவே போனால் விடுங்கள்.

சிலோம் கிடைக்காவிட்டால் அடுத்து எங்கே என்றால், நேஷனல் ஸ்டேடியம் நிலையத்தை ஒட்டிய சோய் காசெம்சான் 1. குட்டிச் சந்து, அதற்குள் சிக்கன விலை விடுதிகள் வரிசையாக இருக்கின்றன. எதிரே எம்.பி.கே. மால், பக்கத்தில் கலை மையம், அடுத்த சந்தில் ஜிம் தாம்சன் வீடு என்ற அருங்காட்சியகம். நடந்தே சியாம் போய்விடலாம். பின்னால் ஓடும் சேன் சேப் கால்வாயில் ஹுவா சாங் துறையில் படகு ஏறினால் கால் மணி நேரத்தில் பான்ஃபா, அதாவது பழைய நகரத்தின் வாசல். அந்தப் படகில் ஏறும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டுக் கட்டையில் கால் வைத்துத் தாவ வேண்டும், நிறுத்தத்தில் இரண்டு நொடிக்கு மேல் நிற்காது. கால்வாய்த் தண்ணீர் தெறித்தால் வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியில் இரவு வாழ்க்கை என்று எதுவும் இல்லை, மால் மூடியதும் ஊர் அடங்கிவிடும். தனியாளுக்கு அது நல்லதே.

கோவில், பழைய தெரு, சந்தை என்று சுற்றத்தான் போகிறேன், மால் வாடையே வேண்டாம் என்பவராக இருந்தால் சாம் யோட் நிலையத்தைச் சுற்றிப் பாருங்கள். சீக்கியர்களின் பெரிய குருத்வாராவும் துணிக்கடைகளும் உள்ள பஹுராட் அங்கிருந்து நடை தூரம். இன்னொரு பக்கம் நடந்தால் ராட்சத ஊஞ்சல் கம்பங்கள், அதன் அருகே அரசவைப் பிராமணர்களின் தேவஸ்தானம். திரியம்பாவாய் திரிபாவாய் என்று அவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் சடங்கின் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், நம் மார்கழிப் பாடல்கள் காதில் விழும். திருவெம்பாவையைத் தாய் உச்சரிப்பில் இன்றும் ஓதுகிறார்கள். அந்தச் சடங்கில் ராட்சத ஊஞ்சலில் ஆடும் வழக்கம் மட்டும் 1935-ஓடு நின்றுவிட்டது. எந்தச் சுற்றுலா வண்டியும் இதை விளக்கிச் சொல்லாது என்பதால் சொல்லிவைத்தேன்.

சைனா டவுனில் தங்குவது அழகு, ஆனால் சைவர்களுக்குச் சிரமம். யாவராட் சாலையில் இரவில் காற்றிலேயே பன்றிக்கொழுப்பு வாசனை இருக்கும். அங்கேயும் ஒரு சோய் நானா உண்டு, சுகும்வித் நானாவோடு குழப்பிக்கொண்டு இடம் மாறிப் பதிவு செய்துவிட வேண்டாம். ஆரி அழகான குடியிருப்புப் பகுதி, காபிக் கடைகளுக்குப் பேர்போனது, ஆற்றுப் பக்கம் போக மட்டும் சுற்றிப்போக வேண்டும்.

இனி வந்து சேரும் நேரம். இதை யோசிக்காமல் அறை எடுப்பவர்கள் அதிகம். சென்னையிலிருந்து பாங்காக் போகும் விமானங்களில் பெரும்பாலானவை நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும். மூன்றரை மணி நேரப் பயணம், அங்கே கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, ஆக அதிகாலையில் இறங்குவீர்கள். அறை தருவதோ மதியம் இரண்டு மணிக்கு. எனவே 24 மணி நேரமும் வரவேற்பில் ஆள் இருக்கும் இடமாகத்தான் எடுக்க வேண்டும். பையை வாங்கி வைத்துக்கொண்டு, முகம் கழுவ ஓர் இடம் காட்டினால்கூடப் போதும், காலை எட்டு மணிக்கு வாட் போ திறக்கும்போதே போய் நின்றுவிடலாம். இதற்காகவே சொல்கிறேன், முதல் பயணத்தில் தனியார் அடுக்குமாடி வீடுகளை நாள் வாடகைக்கு எடுக்காதீர்கள். படம் அழகாக இருக்கும், நீச்சல் குளம் இருக்கும். ஆனால் தாய்லாந்துச் சட்டப்படி ஹோட்டல் உரிமம் இல்லாமல் முப்பது நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. பல கட்டடங்களில் "நாள் வாடகைக்கு அனுமதி இல்லை" என்று வாசலிலேயே பலகை வைத்திருப்பார்கள். வீட்டுக்காரர் "யாராவது கேட்டால் நண்பர் வீடு என்று சொல்லுங்கள்" என்று செய்தி அனுப்புவார். மொழி தெரியாத ஊரில் விடிகாலை ஐந்து மணிக்குக் காவலாளியிடம் பொய் சொல்லிக்கொண்டு நிற்பது உங்களுக்குத் தேவையா?

சுவர்ணபூமியில் இறங்கினால் விமான நிலைய ரயில் பாயா தாய் வரை அரை மணி நேரம், 45 பாட். அங்கே பி.டி.எஸ். மாறி, சியாமில் எதிர் நடைமேடைக்குப் போய் சிலோம் பாதை வண்டியில் ஏறினால் சாலா டேங். இன்னொரு விமான நிலையமான டான் மியுவாங்கில் இறங்கினால் சிவப்புப் பாதை ரயிலில் கிருங் தேப் அபிவட் வந்து எம்.ஆர்.டி. மாறினால் நேராகச் சிலோம். ரயில் தொடங்கும் முன்பே வெளியே வந்துவிட்டால் ஒரு தேநீர் குடித்துக்கொண்டு காத்திருங்கள், அல்லது வரிசையில் நின்று மீட்டர் டாக்ஸி எடுங்கள். மீட்டர் 35 பாட் என்று தொடங்கும், விமான நிலையக் கட்டணமாக 50 பாட் கூடுதல், சுங்கச்சாவடிப் பணம் தனி. ஹோட்டல் பெயரையும் முகவரியையும் தாய் எழுத்தில் போனில் வைத்திருங்கள், ஆங்கில முகவரியைப் படிக்க முடியாத ஓட்டுநர்கள் நிறைய.

அறையா, விடுதிப் படுக்கையா என்பது உங்கள் சுபாவத்தைப் பொறுத்தது. தனியறையில் ஒருவர் தங்கினாலும் இருவர் தங்கினாலும் விலை ஒன்றே, தனியாளுக்கு அது நஷ்டக் கணக்கு. பெண்களுக்கு மட்டுமான பொது அறைகள் பாங்காக்கில் தாராளமாக உண்டு, பல இடங்களில் திரை, விளக்கு, பூட்டும் பெட்டி எல்லாம் ஒவ்வொரு படுக்கைக்கும் தனியாக இருக்கும். நான் சொல்வது, முதல் இரண்டு இரவு தனியறை, உடம்பு ஊருக்குப் பழகியதும் அதே பகுதியில் பொது அறை. விமர்சனங்களைப் படிக்கும்போது மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துப் பயனில்லை. குறைந்த மதிப்பெண் கொடுத்தவர்களை மட்டும், கடந்த ஆறு மாதத்துக்குள் எழுதியதை மட்டும் படியுங்கள். காலை உணவு சரியில்லை என்று திட்டியிருந்தால் தாண்டிப் போங்கள். சத்தம், சாக்கடை வாடை, கதவுப் பூட்டு என்ற மூன்றில் ஒன்றை இரண்டு பேர் சொல்லியிருந்தாலும் வேறு இடம் பாருங்கள். ஜன்னல் இல்லாத அறைகளும் நிறைய உண்டு, விலை ஏன் குறைவு என்று யோசிக்காமல் எடுத்துவிடாதீர்கள்.

நாள்காட்டியையும் பாருங்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்கிரான். சிலோம் சாலையும் காவ் சானும்தான் தண்ணீர் அடிக்கும் கூத்தின் மையங்கள், பையோடு வெளியே வந்தாலும் நனையாமல் போக முடியாது. செப்டம்பர், அக்டோபரில் கனமழை பெய்தால் சுகும்வித்தின் சில சோய்களில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். நவராத்திரி முடிந்து வரும் விஜயதசமி நாளில் மாரியம்மன் ஊர்வலத்துக்காகச் சிலோம் சாலையையே மூடி, வழிநெடுக மஞ்சள் சாமந்தியால் பீடங்கள் போடுவார்கள். அன்றைக்கு அங்கே இருக்கும்படி தேதி அமைந்தால் விடாதீர்கள், ஆனால் அறையைச் சில வாரம் முன்பே பிடித்துவிட வேண்டும். சைவர்களுக்கு இன்னொன்று, சீன நாள்காட்டிப்படி வரும் ஜே திருவிழாவும் பெரும்பாலும் அதே பருவத்தில்தான். அந்த ஒன்பது நாளில் ஊர் முழுக்க மஞ்சள் கொடி, அந்த நாட்களில் யாவராட்டுக்கும் நீங்கள் தைரியமாகச் சாப்பிடப் போகலாம்.

கடைசி நாள் திரும்பும் விமானம் பெரும்பாலும் இரவில் இருக்கும். அறையைக் காலி செய்துவிட்டுப் பையை வரவேற்பிலேயே வைத்துவிட்டுச் சுற்றுங்கள், எல்லா இடத்திலும் வைத்துக்கொள்வார்கள். ஆனால் நாலரை மணிக்குள் பையை எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிடுங்கள். ஐந்து மணிக்கு மேல் சாலா டேங் நடைமேடையில் சிலோம் அலுவலகக் கூட்டம் மொத்தமும் நிற்கும், பெரிய பெட்டியோடு உள்ளே ஏறுவதற்குள் இரண்டு மூன்று வண்டி போய்விடும்.